கார்டில் இருக்கும் தேதியை முதலில் பாருங்கள்

கேள்வி: ஈரோட்டிலிருந்து கல்யாணமாகி ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கணவர் இங்கே ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான குடியிருப்பு அனுமதி) ஐ.டி. வேலையில் இருக்கிறார். நான் டிபென்டன்ட், வீட்டில்தான் இருக்கிறேன். மே மாதம் அத்தையும் மாமாவும் ஆறு வாரத்துக்கு வருகிறார்கள். பத்தே நாளில் பாரிஸ், சுவிஸ், ஆம்ஸ்டர்டாம், ரோம், லண்டன் எல்லாவற்றையும் அவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்கிறார் இவர். ஆகஸ்ட் கடைசியில் என் தங்கை கல்யாணம். ஊருக்குப் போய்விட்டு செப்டம்பர் 20 வாக்கில் திரும்பலாம் என்று இருக்கிறோம். என் ரெசிடென்ஸ் பெர்மிட் செப்டம்பர் 12 வரை இருக்கிறது, பாஸ்போர்ட்டும் அதை ஒட்டித்தான் முடிகிறது. இருவர் மட்டுமாக இத்தாலி போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. 14 நாடுகளுக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இவர் தூங்குகிறார், கடைகளும் பூட்டிக் கிடக்கின்றன, எனக்கு அழுகைதான் வருகிறது. திட்டம் போட உட்கார்ந்தாலே சண்டை. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, நியூரம்பெர்க்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஐரோப்பாவுக்குக் குடிவரும் தம்பதிகளுக்கு விசா, பயண ஏற்பாடுகளில் வழிகாட்டுவதுதான் என் தொழில். அந்தப் பழக்கத்தில், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. பெர்மிட் முடிவது செப்டம்பர் 12. ஊரிலிருந்து திரும்புவது செப்டம்பர் 20. இந்த எட்டு நாள் இடைவெளியை இப்போதே சரிசெய்யாவிட்டால், சென்னை விமான நிலையத்தில் கவுண்டரில் இருப்பவர் உங்கள் பெர்மிட் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு போர்டிங் பாஸ் தர மறுத்துவிடுவார். கணவர் மட்டும் விமானம் ஏற, நீங்கள் மறுபடி விசாவுக்கு விண்ணப்பித்து ஈரோட்டில் காத்திருக்க நேரும். பாரிஸ், ரோம் பேச்செல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கணவரின் ப்ளூ கார்டைவிட உங்கள் கார்டின் ஆயுள் குறைவாக இருந்தால், காரணம் பெரும்பாலும் உங்கள் பாஸ்போர்ட்தான். பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டி ஜெர்மனியில் பெர்மிட் கொடுப்பதில்லை. ஆகவே முதல் வேலை பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது. முடிவதற்கு ஓராண்டு முன்பே இதற்கு விண்ணப்பிக்கலாம். நியூரம்பெர்க்கில் இருப்பவர்களுக்கு மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம். சில வாரங்களிலும் வரும், சில மாதங்களும் ஆகும். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டால், அது திரும்பக் கைக்கு வரும்வரை எல்லை தாண்டுகிற டிக்கெட் எதையும் போடாதீர்கள்.

புது பாஸ்போர்ட் வந்த கையோடு நியூரம்பெர்க் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பெர்மிட் நீட்டிப்புக்கு மனுப் போடுங்கள். கார்டு பெர்லினில் அச்சாகி வருவதற்கே சில வாரங்கள் பிடிக்கும். ஆகஸ்டுக்குள் அது வராவிட்டால் ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். நீட்டிப்பு மனு நிலுவையில் இருக்கிறது, பழைய உரிமை தொடர்கிறது என்று அது சொல்லும். வாங்கும்போது அங்கேயே நின்று ஒன்றைச் சரிபாருங்கள்: உள்ளே இருக்கும் கட்டங்களில், குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு என்ற வரிக்கு எதிரே குறி போட்டிருக்க வேண்டும். 3ஆம் உட்பிரிவில் குறி இருந்தால் ஜெர்மனிக்குள் இருக்கலாம், ஆனால் வெளியே போனால் அதை வைத்துத் திரும்பி வர முடியாது. ஒரே தாள், குறி இருக்கும் இடம்தான் வேறு. இது தெரியாமல் விமானம் ஏறி ஊரில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் சான்றோடு பயணம் செய்வதானால் பழைய கார்டும் பாஸ்போர்ட்டும் கூடவே இருக்கட்டும். டிக்கெட்டையும் அதற்கு ஏற்றபடி போடுங்கள். சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு நேர் விமானம் இருக்கிறது. துபாய், தோஹா வழியாக மியூனிக்கில் இறங்கினாலும் சரி. பாரிஸிலோ ஆம்ஸ்டர்டாமிலோ மாறும் டிக்கெட் ஐம்பது யூரோ மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். ஷெங்கனுக்குள், அதாவது பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள், முதலில் கால் வைக்கும் நாட்டில்தான் குடியேற்றச் சோதனை நடக்கும், ஜெர்மன் அலுவலகத்தின் தற்காலிகத் தாளை அங்கே விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்தது உங்கள் 14 நாடுகள். செல்லுபடியாகும் ஜெர்மன் பெர்மிட்டும் பாஸ்போர்ட்டும் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு எந்த 180 நாளிலும் மொத்தம் 90 நாள்வரை தனி விசா இல்லாமல் போய்வரலாம். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்த பிறகு ஷெங்கன் என்பது 29 நாடுகள். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இதில் உண்டு. பிரிட்டனும் அயர்லாந்தும் இல்லை. பட்டியலில் அந்த இரண்டும் இருந்தால் தனி விசா, தனிச் செலவு என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷெங்கனுக்குள் சோதனையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பி பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. சால்ஸ்பர்க் போய்விட்டு மாலை ரயிலில் திரும்பினால், ஃப்ரைலாஸிங் நிலையத்தில் போலீஸார் ஏறிப் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வருவது வாடிக்கை. பாஸ்போர்ட், கார்டு இரண்டையும் கேட்பார்கள். போனில் எடுத்து வைத்த படம் செல்லாது.

இனி அத்தை, மாமா வருகை. உங்கள் கணவரின் ஆசை புரிகிறது. படிக்க வைத்து ஆளாக்கிய அப்பா அம்மாவுக்கு உலகத்தைக் காட்ட வேண்டும் என்று நினைக்கும் மகனைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் பத்து நாளில் ஐந்து நாடு என்றால் பெரியவர்கள் பார்க்கப்போவது ரயில் பெட்டியும் பஸ் இருக்கையும் ஹோட்டல் வரவேற்பறையும்தான். முழங்கால் வலியோடு தினமும் பெட்டி கட்டி, பெட்டி பிரித்து, மூன்றாம் நாளே "வீட்லயே இருந்துக்கறோம் கண்ணு" என்பார்கள். இதைக் கணவரிடம் நீங்கள் சொன்னால் மருமகளுக்கு மனமில்லை என்று ஆகிவிடும். அதனால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், இந்தப் பதிலையே அவரிடம் கொடுங்கள்.

லண்டனை இந்த முறை விட்டுவிடுங்கள். மாமாவுக்கும் அத்தைக்கும் தனி பிரிட்டன் விசா வேண்டும், அதற்குத் தனியாகக் கைரேகை, தனிக் கட்டணம். உங்கள் இருவருக்கும்கூட வேண்டும். போதாததற்கு, லண்டன் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. அவர்களுடைய ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கானதாக இருந்தால் திரும்பி உள்ளே வர முடியாது. ரோமை உங்கள் இத்தாலிப் பயணத்துக்கு விட்டுவையுங்கள். ஆம்ஸ்டர்டாம் நல்ல ஊர்தான், ஆனாலும் இந்தப் பயணத்துக்கு அவசியமில்லை.

மிஞ்சுவது பாரிஸும் சுவிஸும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் சுவிஸைச் சொல்வேன். அதிலும் ஊர் ஊராகச் சுற்றாமல் லூசெர்னில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்து ஐந்து இரவு தங்குங்கள். மியூனிக்கிலிருந்து சூரிச்சுக்கு நேர் ரயில் நாலு மணி நேரத்துக்குள், அங்கிருந்து லூசெர்ன் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. எல்லோரும் யுங்ஃப்ராவ்யோக் போகச் சொல்வார்கள். அது 3,454 மீட்டர் உயரம். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அங்கே போகக் கூடாது, டிக்கெட்டும் கை சுடும். பெரியவர்களுக்கு ரிகி மலை போதும், நிறைவாகவும் இருக்கும். உயரம் 1,798 மீட்டர். லூசெர்ன் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை. அங்கே கப்பல் ஏறினால் ஒரு மணி நேரம் ஏரியில் நகர்ந்து ஃபிட்ஸ்நாவ் என்ற சிற்றூரில் இறக்கிவிடும். இறங்கிய இடத்திலேயே பல்சக்கரம் பூட்டிய சிவப்பு ரயில் நிற்கும். 1871இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அதுதான். அரை மணி நேரத்தில் உச்சிக்குக் கொண்டுபோய்விடும். மேலே பெஞ்சில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன தயிர் சாதத்தைப் பிரித்தால் எதிரே பனிமலை வரிசை. அத்தை ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. சுவிஸ் ட்ராவல் பாஸ் எடுத்தால் அந்தக் கப்பலும் மலை ரயிலும் அதிலேயே அடக்கம். யுங்ஃப்ராவ்யோக்குக்கு அந்த பாஸில் தள்ளுபடி மட்டும்தான்.

பாரிஸும் வேண்டும் என்றால், இடையில் ஒரு வாரம் வீட்டில் ஓய்வு கொடுத்துவிட்டு மூன்று நாள் போங்கள். ஷ்டுட்கார்ட்டிலிருந்து அதிவேக ரயில் மூன்றேகால் மணி நேரத்தில் பாரிஸின் கிழக்கு நிலையத்தில் விடும். அதன் பக்கத்திலேயே அறை எடுத்தால் லா ஷப்பேல் பகுதிக்கு நடந்தே போகலாம். ஈழத்தமிழர் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த தெரு அது, மாமாவுக்கு இட்லி கிடைக்கும். பாரிஸ் மெட்ரோ படிக்கட்டுமயம். பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. பெரியவர்களோடு நகரப் பேருந்தில் போங்கள், ஊரும் கண்ணுக்குத் தெரியும். லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை.

தேதி குறிக்கும்போது பவேரியாவின் பள்ளி விடுமுறையைப் பாருங்கள். பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி இரண்டு வாரம் பள்ளிகள் மூடும், மாநிலமே கிளம்பிவிடும், ரயிலிலும் ஹோட்டலிலும் விலை ஏறும். குழந்தைகள் இல்லாத நீங்கள் அந்த இரண்டு வாரத்தில் வெளியூர் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

அத்தை, மாமா விசாவுக்குக் கணவர் இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் எடுத்து, ஒரிஜினலை ஊருக்கு அனுப்ப வேண்டும். கட்டணம் 29 யூரோ. சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள். நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் இந்த வாரமே பதிவு செய்யச் சொல்லுங்கள். அதிக நாள் தங்கப்போவது ஜெர்மனியில், எனவே ஜெர்மனி விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும், அதிலேயே சுவிஸும் பாரிஸும் போகலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பல காப்பீடுகள் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் பணம் தருவதில்லை. மாமாவுக்குச் சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் அந்த நிபந்தனையை வரி விடாமல் படியுங்கள். ஆறு வாரத்துக்கும் மேலேயே மாத்திரைகளைச் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அத்தை ஆசையாகக் கட்டித் தரும் நெய்யும் பால்கோவாவும் மாம்பழமும் கறிவேப்பிலையும் சுங்கத்தில் நிற்கும். பருப்புப்பொடியும் மசாலாத்தூளும் கொண்டுவரட்டும்.

கணவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இந்தியர்களுக்கான ஷெங்கன் விசா விதியை 2024 ஏப்ரலில் தளர்த்தினார்கள். மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு, அடுத்தது இரண்டு ஆண்டுப் பலமுறை விசாவாகக் கிடைக்க வழி இருக்கிறது. பெற்றோர் ஒரே முறைதான் வருவார்கள் என்று எண்ணி எல்லாவற்றையும் இந்த மே மாதத்திலேயே திணிக்க வேண்டாம்.

இனி உங்கள் ஞாயிற்றுக்கிழமை. இதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இங்கே வரும் மனைவிமார் பலர் என்னிடம் இதையேதான் சொல்கிறார்கள். அவருக்கு வாரம் முழுக்க ஆட்களும் பேச்சும் வேலையும். ஞாயிறு அவருக்கு ஓய்வு. உங்களுக்கோ வாரம் முழுக்க நாலு சுவர், ஞாயிறு ஒன்றுதான் வெளி உலகம். இருவர் சொல்வதும் நியாயம். வாரநாட்களின் வெறுமை தாங்காமல்தான் உங்கள் பட்டியல் 14 நாடுகளுக்கு நீண்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் மருந்து வாரநாட்களில் இருக்கிறது.

உங்கள் கார்டையும் அதோடு கொடுத்த பச்சைத் தாளையும் எடுத்துப் பாருங்கள். 'எர்வெர்ப்ஸ்டேடிக்கைட் எர்லாவுப்ட்' என்று இருக்கும். வேலை பார்க்க அனுமதி உண்டு என்று அர்த்தம். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு எந்த வேலையும் செய்ய உரிமை இருக்கிறது. டிபென்டன்ட் என்ற சொல்லைக் கேட்டே பலர் வேலை செய்யக் கூடாது என்று நினைத்துவிடுகிறார்கள். நியூரம்பெர்க் நகராட்சியின் கல்வி மையமான பில்டுங்ஸ்ட்சென்ட்ரும் ஜெர்மன் வகுப்புகள் நடத்துகிறது. குடியேறியவர்களுக்கு மொழி கற்றுத்தரும், அரசு மானியம் உள்ள ஒருங்கிணைப்புப் படிப்பு உங்களுக்குக் கிடைக்குமா என்று பெர்மிட் மனுவின்போதே கேளுங்கள். வாரத்தில் நாலு காலை வகுப்புக்குப் போய் நாலு முகம் பழகினால், ஞாயிறு இவ்வளவு கனக்காது.

பவேரியாவில் கடைகள் இரவு எட்டு மணிக்கு மூடும், ஞாயிறு திறப்பதே இல்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் காய்கறி, பால் வாங்கிவிடுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் கைகொடுக்கும். ஞாயிறு வேக்கம் க்ளீனர் போடாதீர்கள், கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போடப் போகாதீர்கள். பக்கத்து வீட்டாரின் முகச்சுளிப்பு மிச்சம்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர் மதியம்வரை தூங்கட்டும். மற்ற இரண்டில் வெளியே போங்கள், அதற்கு ஐரோப்பாவைக் கடக்க வேண்டியதில்லை. நியூரம்பெர்க் போக்குவரத்துக் குழுமத்தின் டாகெஸ்டிக்கெட் ப்ளஸ் என்ற ஒருநாள் டிக்கெட் ஒன்றில் பெரியவர்கள் இருவர் போகலாம், சனிக்கிழமை எடுத்தால் ஞாயிறும் செல்லும். அதில் பாம்பெர்க் வரும், ரோதன்புர்க் வரும், பைராய்ட் வரும். பாம்பெர்க் 1993இலிருந்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரம், முக்கால் மணி நேரப் பயணம். ரெக்னிட்ஸ் ஆற்றின் நடுவே தீவெழுப்பி, பாலத்தின் மேலேயே கட்டிய பழைய நகர்மன்றத்தைப் பார்த்துவிட்டு, கரையோரம் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே நடந்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற நாடு தழுவிய மாதாந்திரப் பாஸ் வைத்திருந்தால் சால்ஸ்பர்க்கூட அதில் வரும், ஆனால் வட்டார ரயில்களில் மட்டும்தான், ஐ.சி.இ. என்ற அதிவேக ரயிலில் ஏறக் கூடாது.

திட்டமிடும் வேலையை முழுதாக நீங்களே சுமக்காதீர்கள். ஒருவர் எக்செல் தாளோடு கேள்வி கேட்க, இன்னொருவர் தூக்கக் கலக்கத்தில் பதில் சொல்ல, சண்டை வராமல் என்ன செய்யும்? லீவு நாட்களும் செலவு வரம்பும் அவர் பொறுப்பு. ஊர், தங்குமிடம், தினசரித் திட்டம் உங்கள் பொறுப்பு. ஒருவர் முடிவு செய்ததை மற்றவர் பிரித்து மேயக் கூடாது. வாரநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் பேசுங்கள், ஞாயிற்றுக்கிழமையை அதற்குப் பலியாக்க வேண்டாம்.

வண்டி வாடகைக்கு எடுக்கும் யோசனை இருந்தால் ஒரு வார்த்தை. இந்திய லைசென்ஸ் ஜெர்மனியில் குடியேறி ஆறு மாதம்வரைதான் செல்லும். அதற்குப் பிறகு ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம். இங்கே எழுத்துத் தேர்வும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வும் முடித்து மாற்றும்வரை ரயில்தான்.

காப்பீட்டையும் கவனியுங்கள். நீங்கள் அரசு சார்ந்த காப்பீட்டில் இருந்தால் மருத்துவ அட்டையின் பின்பக்கமே ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை. பிரான்ஸிலும் இத்தாலியிலும் அது உதவும். ஐரோப்பியக் குடியுரிமை இல்லாத நமக்கு சுவிட்சர்லாந்து, டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்தில் அது உதவாது. ரிகி மலை போவதற்கு முன்பே ஆண்டு முழுவதற்குமான வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு ஒன்று எடுத்துவிடுங்கள், சொற்பத் தொகைதான்.

உங்கள் இத்தாலியை அக்டோபரில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் வந்துபோன செலவும் கல்யாண அலைச்சலும் கொஞ்சம் அடங்கியிருக்கும், வெயிலும் தணிந்திருக்கும், புது கார்டும் கையில் இருக்கும். மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக வெரோனாவுக்கு நேர் ரயில் ஐந்தரை மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆல்ப்ஸ் மலையை முழுதாகக் கடப்பீர்கள். வெரோனாவில் இரண்டு இரவு, வெனிஸில் இரண்டு இரவு போதும். ரோமை ஒரு தனிப் பயணமாக வைத்துக்கொள்ளலாம். அக்டோபர் 3 ஜெர்மனியில் தேசிய விடுமுறை, அதை ஒட்டி நெரிசல் இருக்கும், ஆகவே அதற்கு அடுத்த வாரம் நல்லது. ரயில் டிக்கெட், ஹோட்டல் எதையும் இப்போது போட வேண்டாம், கார்டு வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். கணவர் மட்டும் அந்த ஐந்து நாளுக்கான லீவை அலுவலகத்தில் இன்றே பதிந்துவிடட்டும்.